அப்பா அம்மா குடியிருக்க நாம் வீடு வாங்கி வாடகைக்கு விடுவது: தொடக்கக்காரர்களுக்கு ஒரு விளக்கம்

மலேசியத் தோட்டங்களில் வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. லயத்து வீடு (தோட்டம் தந்த வரிசை வீடு) வேலையோடு சேர்ந்து வந்தது. ஓய்வு பெற்றதும் சாவியைத் திருப்பிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். முப்பது நாற்பது வருடம் விடியுமுன்னே பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) ஓடிய மனிதருக்கு அறுபது வயதில் மிஞ்சுவது ஊழியர் சேமநிதியில் கொஞ்சம் பணம், நாலு பாத்திர பண்டம், வாசலில் அவரே நட்ட முருங்கை மரம். அந்த மரத்தை லாரியில் ஏற்ற முடியாது.

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற ஊர்களுக்கு இது பழைய கவலை. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் வேலையும் வீடும் ஒன்றாகவே பறிபோன குடும்பங்கள் ஏராளம். அதைப் பார்த்துத்தான் இதே ஊர்க்காரரும் அன்றைய அமைச்சருமான துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி (ரிங்கிட்) கட்டிப் பங்கு சேர்த்தார்கள், சங்கம் தோட்டங்களையே வாங்கியது. அன்று கூட்டாகச் செய்ததை இன்று ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு மகனோ மகளோ தனியாகச் செய்யப் பார்க்கிறார்கள். ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை. ஊர்த் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) தன் பெயரில் ஒரு வீடு. அதில் அப்பாவும் அம்மாவும். அவர்கள் மாதாமாதம் பிள்ளைக்கு வாடகை கொடுப்பார்கள்.

“பெற்றவர்களிடம் வாடகையா?” என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்த யோசனை பெரும்பாலும் அப்பாவிடமிருந்துதான் வருகிறது. சும்மா குடியிருக்க அவருக்கு மனம் வராது. மாதம் ஐந்நூறோ அறுநூறோ கொடுத்தால், குழாய் ஒழுகும்போது “ஆளை அனுப்புடா” என்று தயங்காமல் சொல்லலாம். மருமகள் முன்னாலும் தலை நிமிர்ந்து உட்காரலாம். எனக்கு இதில் ஒரு தவறும் தெரியவில்லை. தவறு நடப்பதெல்லாம் கணக்கையும் காகிதத்தையும் சரியாகச் செய்யாமல் விடுவதில்தான்.

இதில் இரண்டு ஒப்பந்தங்கள்

வெளியே பார்த்தால் குடும்ப விஷயம். உள்ளே போனால், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு கடமைகள். உங்களுக்கும் வங்கிக்கும் வீட்டுக் கடன். உங்களுக்கும் அப்பா அம்மாவுக்கும் வாடகை. வங்கிக்கு இந்த இரண்டாவதைப் பற்றி அக்கறையே கிடையாது. அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை, அதனால் இந்த மாதம் வாடகை வரவில்லை என்றால் வங்கி தவணையைத் தள்ளி வைக்காது. மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி நின்றால் உங்கள் கடன் வாராக்கடன் பட்டியலுக்குப் போய்விடும். அதற்கு அடுத்த படி லெலோங். ஏலத்தில் போகும் வீட்டுக்குள் இருப்பவர்கள் உங்கள் பெற்றோர்.

அதனால் வீடு தேடப் போவதற்கு முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒரு வெள்ளி வாடகைகூட வராவிட்டாலும் இந்தத் தவணையை என் சம்பளத்தில் கட்ட முடியுமா? முடியும் என்றால் மேலே படியுங்கள். முடியாது என்றால், வாடகையை நம்பித்தான் தவணை கட்ட வேண்டும் என்றால், வீடு வேண்டாம். சம்பளம் இல்லாத இரண்டு வயதானவர்களின் வருமானத்தின்மேல் முப்பது வருடக் கடனை ஏற்றி வைக்கக் கூடாது. என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையில் இதற்கு மேல் முக்கியமான வரி இல்லை.

வாடகையை எவ்வளவு வைப்பது என்பதும் இதிலிருந்தே வரும். பலர் தவணைத் தொகையைப் பார்த்து வாடகையை முடிவு செய்கிறார்கள். பார்க்க வேண்டியது அப்பாவின் வரவை. சேமநிதியில் 60,000 ரிங்கிட் இருந்து, மாதம் 700 வாடகைக்கே போனால், வட்டியை விட்டுக் கணக்குப் பார்த்தால் ஏழு வருடத்தில் பணம் காலி. அறுபது வயதுக்காரர் அறுபத்தேழில் நின்றுவிடப் போவதில்லை. அவருக்குச் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) ஓய்வூதியமோ, மற்ற பிள்ளைகள் தரும் பணமோ, கடையில் பகுதி நேர வேலையோ இருந்தால் கதை வேறு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

தாமானில் ஒரு பழைய தரைமட்ட வரிசை வீடு, விலை 220,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு வீட்டுக் கடன்களுக்கு 90 விழுக்காடு வரை வங்கி தரலாம். மூன்றாவது வீட்டிலிருந்து 70 விழுக்காடுதான். ஆக முன்பணம் 22,000, கடன் 198,000. வழக்கறிஞர் கட்டணம் முதல் ஐந்து லட்சம் ரிங்கிட்டுக்கு 1.25 விழுக்காடு, வாங்கும் ஒப்பந்தத்துக்கு 2,750, கடன் பத்திரத்துக்கு 2,475, அதன்மேல் சேவை வரி. முத்திரை வரி முதல் 100,000க்கு 1 விழுக்காடு, அதற்கு மேல் 500,000 வரை 2 விழுக்காடு. நம் வீட்டுக்கு 3,400. கடன் பத்திரத்துக்கு அரை விழுக்காடு, 990. எல்லாம் சேர்த்தால் கையிலிருந்து போவது கிட்டத்தட்ட 32,000. இதில் வீட்டைப் பழுது பார்க்கும் செலவு சேரவில்லை. உங்கள் சேமநிதியின் செஜாத்ரா கணக்கில் இருக்கும் பணத்தை வீடு வாங்க எடுக்க வழி இருக்கிறது. பலர் முன்பணத்தை அப்படித்தான் சமாளிக்கிறார்கள்.

4 விழுக்காடு வட்டியில் முப்பது வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 945. அப்பா 700 தருகிறார் என்றால் உங்கள் பையிலிருந்து மாதம் 245. அதோடு சுக்காய் பிந்து (ஊராட்சிக்குக் கட்டும் வீட்டு வரி), சுக்காய் தானா (நில வரி), தீக் காப்புறுதி, கூரை, குழாய். பழைய வீட்டில் ஒருமுறை மின்கம்பிகளை மாற்றினாலே சில மாத வாடகை அதற்குப் போய்விடும். ஆக, இதை முதலீடு என்று யாராவது உங்களுக்கு விற்க வந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். இது அப்பா அம்மாவுக்குத் தலைக்கு மேல் கூரை. அதற்கு நீங்கள் மாதம் முந்நூறு நானூறு செலவு செய்கிறீர்கள், பதிலுக்கு உங்கள் பெயரில் ஒரு வீடு மெல்ல மெல்லச் சேர்கிறது. அவ்வளவுதான்.

வருமான வரி: பலர் கோட்டை விடும் இடம்

“அப்பா கொடுப்பதற்குக்கூட வரியா?” என்றால், ஆமாம். வாடகை என்று வாங்கினால் அது வாடகை வருமானம். கொடுப்பவர் யார் என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. வருமான வரிக்கான பிஇ பாரத்தில் சம்பளத்தோடு சேர்த்துக் காட்ட வேண்டும்.

ஆனால் வரி முழு வாடகைக்கும் விழாது, செலவு போக மீதிக்குத்தான். கழிக்கக் கூடியவை: கடனின் வட்டிப் பகுதி, சுக்காய் பிந்து, சுக்காய் தானா, தீக் காப்புறுதி, சாதாரணப் பழுது பார்ப்பு. கழிக்க முடியாதவை: தவணையில் அசலாகப் போகும் பகுதி, முதல் வாடகை ஒப்பந்தத்துக்கான செலவு, வீட்டைப் பெரிதாக்கும் வேலை, குடியமர்த்துவதற்கு முன்பே செய்த முதல் பழுது பார்ப்பு. கடைசியாகச் சொன்னது பலருக்குத் தெரியாது. ஒழுகும் கூரையோடு வாங்கிய வீட்டைச் சரி செய்த பிறகு பெற்றோரைக் குடிவைத்தால், அது வீட்டு விலையோடு சேர்ந்த செலவாகத்தான் பார்க்கப்படும். குடிவந்து இரண்டு வருடம் கழித்துக் கூரை ஒழுகினால் கழிக்கலாம்.

நம் உதாரணத்தில் வருட வாடகை 8,400. முதல் வருட வட்டி மட்டும் சுமார் 7,850. வரிகளும் காப்புறுதியும் ஒரு 450 என்று வைத்தால் மீதி 100 ரிங்கிட். அதற்கு வரி என்று பெரிதாக ஒன்றும் வராது. வருடம் போகப் போக வட்டி குறைந்து அசல் கூடும், அப்போது வரிக்குரிய தொகையும் ஏறும். பத்தாவது வருடத்தில் திடுக்கிடாமல் இருக்க இதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. வங்கி தரும் வருடாந்திரக் கணக்கு அறிக்கையில் வட்டி எவ்வளவு என்று தனியாக இருக்கும். அதையும் ரசீதுகளையும் ஏழு வருடம் பத்திரமாக வையுங்கள்.

அடுத்து, மலிவு வாடகை. சந்தையில் 800 போகும் வீட்டை அப்பாவுக்கு 300க்கு விட்டால் என்ன ஆகும்? விடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். வருட வாடகை 3,600, செலவு 8,300 என்றால் வாடகை வருமானம் பூஜ்யம். மீதி 4,700ஐச் சம்பளத்திலிருந்து கழிக்க முடியாது, அடுத்த வருடத்துக்கும் தள்ள முடியாது. அது போனது போனதுதான். சிக்கல் எப்போது வரும் என்றால், உங்களுக்கு இன்னொரு வாடகை வீடும் இருந்து, அந்த லாபத்தைக் குறைக்க இந்த நட்டத்தைச் சேர்த்துக் காட்டும்போது. வருமான வரிச் சட்டம் 1967இன் 140ஆவது பிரிவு, உறவினர்களுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கல் வெளியாட்களுக்குள் நடப்பது போல இல்லையென்றால் அதை ஒதுக்கிவிட்டு வேறு விதமாக வரி கணக்கிட உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்கு அதிகாரம் தருகிறது. அதே தாமானில் மூன்று வீட்டு வாடகையை விசாரித்துக் குறித்து வைத்திருந்தால், உங்கள் வாடகை ஏன் இவ்வளவு என்று கேட்டால் காட்ட ஏதாவது இருக்கும்.

இன்னொன்று. 2025 முதல் 2027 வரை முதல் வீடு வாங்குபவர்களுக்கு, 500,000 ரிங்கிட் வரையிலான வீடாக இருந்தால், கடன் வட்டிக்காக வருடம் 7,000 வரை மூன்று வருடங்களுக்கு வரிக் கழிவு உண்டு. ஆனால் அந்த வீட்டிலிருந்து வருமானம் வரக் கூடாது. அப்பாவிடம் வாடகை வாங்கினால் அந்தக் கழிவை மறந்துவிட வேண்டியதுதான். சலுகையையும் எடுத்து, வாடகையையும் ரொக்கமாக வாங்கி, அதைக் காட்டாமல் விடலாம் என்று சொல்பவர்கள் டீக்கடையில் நிறைய. பிஇ பாரத்தில் கையெழுத்துப் போடுவது அவர்கள் இல்லை.

அப்பா கொடுக்கும் வாடகைக்கு அவருக்கு வரிச் சலுகை எதுவும் கிடையாது. பெரும்பாலும் அவர் வரி கட்டும் நிலையிலும் இருக்க மாட்டார். உங்களுக்கு மட்டும் வேறு பக்கம் ஒரு கழிவு இருக்கிறது: பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு வருடம் 8,000 வரை. சில பிள்ளைகள் வரும் வாடகையில் ஒரு பகுதியைத் தனிக் கணக்கில் போட்டு வைத்து, அம்மாவின் மருந்துக்கும் பரிசோதனைக்கும் அதிலிருந்தே எடுக்கிறார்கள். நல்ல பழக்கம். ரசீதை மறக்காதீர்கள்.

முதல் வீட்டுச் சலுகையை இதற்குச் செலவழிக்கலாமா?

கல்யாணம் ஆகாத இருபத்தெட்டு வயது மகனோ மகளோ வாங்கும்போது இதை யாரும் யோசிப்பதில்லை. 500,000 ரிங்கிட் வரையிலான முதல் வீட்டுக்கு முத்திரை வரி முழு விலக்கு. 2025 முடிவு வரை இருந்த அந்தச் சலுகை 2027 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. நம் 220,000 வீட்டில் இந்த விலக்கால் மிஞ்சுவது 4,390. நாளைக்கு ஷா ஆலாமில் 480,000க்கு உங்கள் குடும்பத்துக்கு வீடு வாங்கும்போது, சலுகை இருந்தால் மிஞ்சக் கூடியது 10,760. ஏற்கெனவே ஒரு வீடு உங்கள் பெயரில் இருந்துவிட்டால் அடுத்தது முதல் வீடு ஆகாது.

அதைவிடப் பெரியது கடன் வாங்கும் தகுதி. மாதம் 945 ஏற்கெனவே கட்டுகிறீர்கள் என்பதை வங்கி பார்க்கும். அப்பா தரும் வாடகையை வருமானமாகச் சேர்த்துக்கொள்ளச் சொன்னால், முத்திரை வைத்த ஒப்பந்தமும் வங்கிக் கணக்கில் வந்த பதிவும் இருக்கிறதா என்று கேட்பார்கள். குடும்பத்துக்குள் இரண்டு மூன்று பிள்ளைகள் சம்பாதிக்கிறார்கள் என்றால், சொந்த வீடு ஏற்கெனவே வாங்கிவிட்ட மூத்தவர் இதை வாங்குவதும், இளையவர் மாதம் ஒரு தொகை கொடுத்து உதவுவதும்தான் பெரும்பாலும் கணக்குக்கு ஒத்து வருகிறது.

கிராண்டை (நில உரிமைப் பத்திரத்தை) படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்

தோட்டப்புற ஊர்களில் மலிவாக வரும் வீடுகளுக்குப் பின்னால் காரணம் இருக்கும். நிலம் மலாய்க்காரர்களுக்கென ஒதுக்கிய மலாய் ஒதுக்கீட்டு நிலமாக இருந்தால் நம்மால் வாங்கவே முடியாது. 99 வருடக் குத்தகை நிலமாக இருந்து பாதிக் காலம் ஓடியிருந்தால் வங்கி கடன் தரத் தயங்கும். கிராண்டில் மாநில அரசின் அனுமதி இல்லாமல் கைமாற்றக் கூடாது என்று நிபந்தனை இருந்தால், அனுமதி வரும்வரை காத்திருக்க வேண்டும். குறைந்த விலை வீடுகளில் இது சர்வ சாதாரணம். தரகர் “அதெல்லாம் பிரச்சினை இல்லை அண்ணே” என்று சொன்னால், நில அலுவலகத்தில் உரிமை விவரத் தேடல் எடுத்துத் தாளைக் கையில் வாங்கிய பிறகு முன்பணம் கொடுங்கள்.

வாடகை ஒப்பந்தம் எழுதுங்கள், அப்பாவோடும்தான்

“அப்பா கையெழுத்துப் போடுங்க” என்று தாளை நீட்டக் கூச்சமாகத்தான் இருக்கும். அந்தத் தாள் அவருக்குத்தான் காவல் என்று சொல்லிப் பாருங்கள். நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஆகி, வீடு வேறு ஒருவர் கைக்குப் போனால், அப்பா அம்மா எந்த உரிமையில் அங்கே இருக்கிறார்கள் என்பதற்கு அந்தத் தாள்தான் சான்று.

இரண்டு பக்கம் போதும். யார் யாருக்கு விடுகிறார், எந்த முகவரி, வாடகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எத்தனை வருடம், பழுது யார் பொறுப்பு, காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு. மூன்று வருடத்துக்கு மேல் போட்டால் அது நில அலுவலகத்தில் பதிய வேண்டிய குத்தகை ஆகிவிடும். இரண்டு அல்லது மூன்று வருடம் போட்டு, புதுப்பிக்கும் உரிமை அவர்களுக்கே என்று ஒரு வரி சேர்ப்பது எளிது. இந்தக் குறுகிய கால வாடகையையும் கிராண்டில் குறித்து வைக்கத் தேசிய நிலச் சட்டத்தில் வழி இருக்கிறது. பின்னால் வாங்குபவரையும் அது கட்டுப்படுத்தும். வழக்கறிஞரிடம் வீடு வாங்கும்போதே இதையும் கேட்டுவிடுங்கள்.

வெளியாளிடம் வாங்குவது போல இரண்டு மாத வைப்புத்தொகை அப்பாவிடம் வாங்கத் தேவையில்லை. அந்தப் பணம் அவரிடமே இருக்கட்டும். ஆனால் வாடகை வங்கி வழியாகவே வரட்டும். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது அம்மா முந்தானையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் நோட்டுகளுக்குக் கணக்கு இருக்காது.

முத்திரை வரி பெரிய தொகை இல்லை. வருட வாடகையில் ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும், ஒரு வருட ஒப்பந்தத்துக்கு 1 ரிங்கிட், மூன்று வருடம் வரை 3 ரிங்கிட். 700 வாடகைக்கு ஒரு வருடமென்றால் 34, மூன்று வருடமென்றால் 102. முன்பெல்லாம் வருட வாடகை 2,400 வரை விலக்கு இருந்தது. 2025 முதல் அது இல்லை. கையெழுத்திட்ட 30 நாளுக்குள் கட்ட வேண்டும். 2026 முதல் வரியை நாமே கணக்கிட்டு இணையத்தில் கட்டும் முறை. முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட முடியாது.

அண்ணன், அக்கா, தம்பி

இந்த ஏற்பாட்டில் குடும்பம் உடைவது வாடகையால் இல்லை, முன்பணத்தால். அப்பா தன் சேமநிதியிலிருந்து 20,000 எடுத்துத் தருகிறார், அக்கா 5,000 போடுகிறார், வீடு தம்பி பெயரில் வாங்கப்படுகிறது. பத்து வருடம் கழித்து வீடு 350,000க்குப் போகிறது. அக்காவின் 5,000 கடனா, பங்கா, அன்பளிப்பா? அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. அதனால் இன்றைக்கு ஆளுக்கு ஒரு பதில்.

கொடுக்கும் நாளிலேயே ஒரு தாளில் எழுதிவிடுங்கள். கடன் என்றால் கடன், பங்கு என்றால் கிராண்டில் பெயர். அப்பாவின் பணத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கடுமையான கருத்து உண்டு: அவருடைய கடைசிச் சேமிப்பை முன்பணமாக வாங்கிக்கொண்டு, அவரிடமே மாத வாடகையும் வாங்குவது நியாயம் ஆகாது. அவர் பணம் போட்டால் கிராண்டில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கட்டும், அல்லது அந்தத் தொகை தீரும்வரை வாடகை வேண்டாம் என்று எழுதுங்கள். ஆனால் பங்கு போடும்போது ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு பங்குதாரர் இறந்தால் அவர் பங்கு தானாக மற்றவருக்கு வராது. அவருடைய வாரிசுகளுக்குப் போகும். அம்மா பெயரில் பாதி இருந்தால், அம்மாவுக்குப் பிறகு அந்தப் பாதியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிமை.

இதையே திருப்பிப் பார்க்க வேண்டும். பெற்றோருக்கு முன்னால் பிள்ளை போய்விட்டால்? பேச விரும்பாத விஷயம்தான், ஆனால் தினமும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறோம். மேற்கு மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர் உயில் இல்லாமல் இறந்தால், 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி, மனைவிக்குக் கால் பங்கு, பெற்றோருக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. பிள்ளைகள் இல்லையென்றால் மனைவிக்கும் பெற்றோருக்கும் பாதிப் பாதி. முஸ்லிம் குடும்பங்களுக்கு ஃபராயிட் என்ற இஸ்லாமியப் பங்கீட்டு முறை. ஆக அப்பா அம்மா குடியிருக்கும் வீட்டில் அவர்களுக்குக் கால் பங்குதான் மிஞ்சும்; மீதிக்குச் சொந்தம் கைக்குழந்தையும், அதோடு நிற்கும் மருமகளும். அவரும் பாவம்தான், வீட்டை விற்றால்தான் அவருக்கு வழி பிறக்கும். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

இதற்கு இரண்டு காரியம் செய்யலாம். கடன் எடுக்கும்போதே, நீங்கள் இறந்தால் மீதிக் கடனை அடைக்கும் காப்புறுதியை எடுங்கள். இல்லாவிட்டால் உங்களுக்குப் பிறகு தவணை கட்ட ஆள் இல்லாமல் வீடு ஏலத்துக்குப் போகும். அப்புறம் ஓர் உயில். வீடு யாருக்கு வேண்டுமானாலும் போகட்டும், அப்பாவும் அம்மாவும் உயிரோடு இருக்கும்வரை அங்கேயே குடியிருக்கலாம் என்று அதில் எழுத முடியும். மனைவிக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு எழுதுவது நல்லது.

வீடு எப்படி இருக்க வேண்டும்

மாடி வேண்டாம். இது எல்லாருக்கும் தெரியும். தெரியாமல் விடுவது குளியலறையை. இந்தப் பக்கத்துப் பழைய வரிசை வீடுகளில் குளியலறை பின்பக்கம், சமையலறையைத் தாண்டி, ஒரு படி இறங்கிப் போக வேண்டும். குந்தி உட்காரும் கழிப்பறை, வழுக்கும் ஓடு, பிடிக்க ஒன்றும் இல்லை. நாற்பது வருடம் வாளி தூக்கிய முழங்கால் அதைத் தாங்காது. வீடு பார்க்கப் போகும்போது அம்மாவையும் கூட்டிப் போய், ஒருமுறை படுக்கையறையிலிருந்து கழிப்பறைக்கு நடக்கச் சொல்லுங்கள். எங்கே சுவரைப் பிடிக்கிறாரோ அங்கே கைப்பிடி தேவை. படியை மட்டமாக்க, உட்காரும் கழிப்பறை வைக்க ஆகும் செலவை வீட்டு விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

அப்புறம் தூரம். விலை குறைவு என்று டவுனுக்கு வெளியே புதுத் தாமானில் வாங்கிப் போட்டால், கார் ஓட்டாத இருவருக்கும் மருத்துவமனைக்குப் போக, சந்தைக்குப் போக, கோயிலுக்குப் போக யார் வருவார்? தோட்டத்தில் எல்லாம் நடக்கும் தூரத்தில் இருந்தது. அந்தப் பழக்கத்திலிருந்து வருபவர்களை மூலையில் கொண்டுபோய் வைத்தால், மூன்றாம் மாதமே அம்மா பழைய லயத்துப் பக்கத்து வீட்டுக்காரர் எங்கே குடிபோனார் என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவார். முடிந்தால் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் போன தாமானிலேயே பாருங்கள்.

இன்னும் முடிவுக்கு வர முடியவில்லையா?

அப்படியென்றால் வாங்காதீர்கள். அதே தாமானில் ஒரு வீட்டை நீங்கள் வாடகைக்கு எடுத்து, அப்பா அம்மாவை ஒரு வருடம் இருக்கச் சொல்லுங்கள். வாடகையில் அவர்கள் கொடுக்க நினைத்த பங்கை உங்களுக்குக் கொடுக்கட்டும், மீதியை நீங்கள் போடுங்கள். வைப்புத்தொகை போக பெரிய செலவு இல்லை. அந்த ஒரு வருடத்தில் அப்பா மாதாமாதம் பணம் அனுப்பினாரா, அம்மாவுக்கு அக்கம்பக்கம் பிடித்ததா, மழைக்காலத்தில் தெரு எப்படி, உங்கள் சம்பளத்தில் எவ்வளவு மிஞ்சியது என்பதெல்லாம் தெரிந்துவிடும். வாங்கிய வீட்டை மூன்று வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு நிலச் சொத்து ஆதாய வரியாகப் போகும், நான்காம் வருடம் 20, ஐந்தாம் வருடம் 15. ஆறாம் வருடத்திலிருந்துதான் குடிமக்களுக்கு வரி இல்லை. வாடகை வீடு ஒத்து வராவிட்டால் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தால் போதும்.